பிடிவாரண்ட் இருக்கிறதா என்று பார்க்க இ-கோர்ட்ஸ்: எவ்வளவு தூரம் நம்பலாம்?

பெயரைத் தட்டினால் "பிடிவாரண்ட் உண்டு" அல்லது "இல்லை" என்று நேராகப் பதில் தரும் அரசுத் தளம் இந்தியாவில் கிடையாது. அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்லிக் காசு கேட்பவர்கள் இருப்பதால் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டியிருக்கிறது. பொதுமக்களுக்குத் திறந்திருப்பது இ-கோர்ட்ஸ் என்னும் நீதிமன்றச் சேவை. இணையதளமாகவும் கைபேசிச் செயலியாகவும் கிடைக்கிறது. வழக்கு நிலையைப் பார்க்கக் கட்டணம் இல்லை. ஆனால் அது காட்டுவது வழக்கின் விவரங்களைத்தான். வாரண்ட் பிறந்திருக்கிறதா என்பதை வாய்தா வாரியாக எழுதப்பட்ட குறிப்புகளிலிருந்து நாம்தான் பொறுக்கி எடுக்க வேண்டும். தமிழ்நாட்டு நீதிமன்றங்களைப் பொறுத்தவரை அந்த வேலைக்கு இது எவ்வளவு உதவுகிறது, எங்கே காலை வாருகிறது என்று பார்க்கலாம்.

பழைய வாடகை வீட்டு முகவரிக்கு சம்மன் போய்த் திரும்பிய காசோலை வழக்குக்காரர், வெளிநாட்டில் இருக்கும்போது ஊரில் வழக்கு கோப்புக்கு எடுக்கப்பட்டவர், பழைய அடிதடி வழக்கில் நாலு வாய்தாவுக்குப் போகாமல் விட்டவர், இவர்களுக்குத்தான் இது அதிகம் தேவைப்படும். பலர் கையில் வழக்கு எண்ணே இருக்காது. சேவையின் பலவீனமும் அங்கேதான் தொடங்குகிறது.

எண் கையில் இருந்தால்

ஒவ்வொரு வழக்குக்கும் தரப்படும் தனி அடையாள எண்ணான சி.என்.ஆர். எண் இருந்தால் வேலை ஒரு நிமிடம். எழுத்தும் இலக்கமுமாக மொத்தம் 16. முதல் 2 எழுத்து மாநிலம், தமிழ்நாட்டுக்கு டி.என். அடுத்த 2 எழுத்து மாவட்டம், அடுத்த 2 இலக்கம் நீதிமன்றம், அதன் பின் 6 இலக்க வரிசை எண், கடைசி 4 இலக்கம் ஆண்டு. கோடு, இடைவெளி எதுவும் வேண்டாம். சுழியத்துக்குப் பதில் ஆங்கில ஓ எழுத்தைத் தட்டினால் வழக்கு இல்லை என்றே வரும்.

ஸ்மார்ட்போன் இல்லாதவருக்குக் குறுஞ்செய்தி வழி உண்டு. இ, சி, ஓ, யு, ஆர், டி, எஸ் என்ற ஏழு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து எழுதி, ஓர் இடைவெளி விட்டு, சி.என்.ஆர். எண்ணைச் சேர்த்து 9766899899 என்ற எண்ணுக்கு அனுப்பினால் வழக்கின் தற்போதைய நிலை பதிலாக வரும். அடுத்த வாய்தா தேதியைத் தெரிந்துகொள்ள இது போதும். வாரண்ட் விவரத்துக்குப் போதாது.

குற்ற எண் மட்டும் தெரிந்தால், அதாவது முதல் தகவல் அறிக்கையின் எண் தெரிந்தால், எஃப்.ஐ.ஆர். எண் வழியாகத் தேடும் பகுதிக்குப் போகலாம். மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம், காவல் நிலையம், குற்ற எண், ஆண்டு என்று வரிசையாகக் கேட்கும். காவல் நிலையத்தைத் தேர்வதில்தான் கவனம் வேண்டும். அனைத்து மகளிர் காவல் நிலையம், மதுவிலக்கு அமலாக்கப் பிரிவு, குற்றப்பிரிவு ஆகியவை பட்டியலில் தனித்தனியாக இருக்கும். ஊர்ப் பெயரைப் பார்த்ததும் சட்டம் ஒழுங்கு நிலையத்தைத் தேர்ந்துவிட்டு, வழக்கே இல்லை என்று நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்கள் உண்டு.

பெயர் மட்டும் தெரிந்தால்

இங்கேதான் பொறுமை வேண்டும். கட்சிக்காரர் பெயரில் தேட குறைந்தது 3 எழுத்து வேண்டும், வழக்குப் பதிவான ஆண்டும் வேண்டும். மாநிலம் முழுவதையும் ஒரே தட்டில் அலச முடியாது. ஒவ்வொரு நீதிமன்ற வளாகமாக, ஒவ்வொரு ஆண்டாகப் போக வேண்டும். ஒவ்வொரு முறையும் படத்தில் உள்ள எழுத்துகளைத் திரும்பத் தட்ட வேண்டும். மூன்று வளாகம், ஐந்து ஆண்டு என்றால் 15 தேடல். எழுத்துக்கூட்டலையும் மாற்றிப் பார்த்தால் முப்பதைத் தாண்டும்.

எழுத்துக்கூட்டலை மாற்றித்தான் ஆக வேண்டும். பெயர்கள் ஆங்கில எழுத்தில், புகாரிலோ குற்றப்பத்திரிகையிலோ இருந்தபடி ஏற்றப்பட்டிருக்கும். சண்முகத்தின் முதல் எழுத்தை ஒருவர் எஸ்-எச் என்று போடுவார், இன்னொருவர் வெறும் எஸ் என்று போடுவார். முத்துவில் எச் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இன்ஷியல் முன்னால், பின்னால், அல்லது ஒட்டிக்கொண்டு இருக்கும். அதனால் முழுப் பெயரைத் தட்டாமல், எப்படி எழுதினாலும் மாறாத நடுத்துண்டை மட்டும் தட்டுவது நல்லது. சண்முகசுந்தரத்துக்கு முன்பாதியை விட்டு "சுந்தர்" பகுதி, முத்துக்குமாருக்கு "குமார்" பகுதி. பட்டியல் நீளும். ஆனால் ஆள் தப்ப மாட்டார்.

ஆண்டு விஷயத்தில் பெரும்பாலானோர் சறுக்குகிறார்கள். கேட்கப்படுவது சம்பவம் நடந்த ஆண்டும் அல்ல, குற்ற எண்ணின் ஆண்டும் அல்ல. நீதிமன்றம் வழக்கைக் கோப்புக்கு எடுத்துப் பதிவு செய்த ஆண்டு. 2018-ல் அடிதடி, 2021-ல் குற்றப்பத்திரிகை கோப்புக்கு எடுக்கப்பட்டது என்றால் 2021-ல்தான் அகப்படும். சம்பவ ஆண்டிலிருந்து நாலைந்து ஆண்டு வரை தொடர்ந்து பார்ப்பது பத்திரம்.

வளாகத்தைத் தேர்வதிலும் ஒரு சிக்கல். 2019-ல் தென்காசி, கள்ளக்குறிச்சி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், செங்கல்பட்டு மாவட்டங்கள் பிரிந்தன, 2020-ல் மயிலாடுதுறை. வருவாய் மாவட்டம் பிரிந்த அன்றே நீதிமன்ற நிர்வாகமும் பிரிந்துவிடுவதில்லை. அந்தப் பகுதிகளின் பழைய வழக்குகளைத் தாய் மாவட்டத்திலும் புதிய மாவட்டத்திலும் தேட வேண்டும். சென்னையில் எழும்பூர், சைதாப்பேட்டை, ஜார்ஜ் டவுன் என்று நடுவர் நீதிமன்றங்கள் தனித்தனி வளாகங்களில் இருக்கின்றன. ஒன்றில் இல்லை என்றால் சென்னையிலேயே இல்லை என்று பொருளாகாது.

நிலுவை, முடிந்தவை, இரண்டும் என்று மூன்று தேர்வுகள் வரும். எப்போதும் இரண்டும் என்பதையே தேருங்கள். காரணம் இருக்கிறது. நடுவர் நீதிமன்றத்தில் பி.ஆர்.சி. என்ற பூர்வாங்கப் பதிவு எண்ணில் இருந்த வழக்கு செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு ஒப்படைக்கப்பட்டால், பழைய எண் முடிந்துவிட்டதாகக் காட்டும், வழக்கு எஸ்.சி., அதாவது செஷன்ஸ் வழக்கு, என்ற புது எண்ணில் உயிரோடு இருக்கும். இதைவிட மோசமானது பிரிவு வழக்கு. ஐந்து எதிரிகளில், அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில், ஒருவர் தலைமறைவு என்றால், அவரை மட்டும் பிரித்து வேறு எண் கொடுத்துவிட்டு மற்ற நால்வர் மீது விசாரணை நடத்துவார்கள். நால்வரும் விடுதலை ஆகி அசல் வழக்கு "முடிந்தது" என்று இருக்கும். அதைப் பார்த்து ஐந்தாமவரும் தனக்கும் சேர்த்துத்தான் விடுதலை என்று எண்ணிக்கொள்வார். அவர் பெயரில் பிரிவு வழக்கும் வாரண்டும் அப்படியே கிடக்கும்.

இன்னொன்று, தேடல் முடிவின் தலைப்பில் முதல் எதிரியின் பெயர்தான் தெரியும். மூன்றாம் எதிரியாக இருப்பவர் வழக்கைத் திறந்து, கட்சிக்காரர் பட்டியலைப் பார்த்தால்தான் தன் பெயரைக் காண்பார். கூட்டாளிகள் யார் என்று தெரிந்தால் அவர்கள் பெயரிலும் தேடுங்கள்.

சட்டத்தின் பெயர் வழியாகவும் தேடலாம். அதிகம் பேர் தொடாத பகுதி இது. காசோலை வழக்கு என்ற சந்தேகம் இருந்தால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தைத் தேர்ந்து 138-ஆம் பிரிவைக் கொடுத்தால், அந்த நீதிமன்றத்தில் அந்தச் சட்டத்தின் கீழ் உள்ள வழக்குகள் வரிசையாக வரும். காசோலை வழக்கு தனிநபர் புகார். அதற்குக் குற்ற எண்ணே கிடையாது. காவல் நிலையத்தில் விசாரித்தாலும், வாரண்ட் அங்கே வந்து சேர்ந்திருந்தால் ஒழியத் தெரியாது. ஜீவனாம்ச வழக்கும் இதே கதைதான். பாக்கி கட்டாததற்கு வாரண்ட் வரும், ஆனால் எஃப்.ஐ.ஆர். இருக்காது.

நாட்குறிப்பைப் படிப்பது

வழக்கைத் திறந்ததும் வழக்கின் கட்டம், அடுத்த வாய்தா, நீதிமன்ற எண் ஆகியவை மேலே இருக்கும். கீழே வழக்கு வரலாறு என்ற அட்டவணை. அதில் ஒவ்வொரு தேதியும் ஓர் இணைப்பு. தேதியைத் தட்டினால் அன்று நீதிமன்றத்தில் நடந்ததாகப் பெஞ்ச் கிளார்க் ஏற்றிய ஓரிரு வரி திறக்கும். இந்தச் சேவையின் உயிரே அந்த இரண்டு வரிதான். மேலோட்டமாகக் கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடுபவர்கள் இதைத் தவற விடுகிறார்கள்.

என்.பி.டபிள்யூ. என்றால் ஜாமீனில் விட முடியாத பிடிவாரண்ட். பி.டபிள்யூ. என்றால் ஜாமீனில் விடக்கூடியது. வாரண்டின் மேலேயே எவ்வளவு தொகைக்கு, எத்தனை ஜாமீன்தாரர் என்று எழுதியிருக்கும், அதைக் கொடுத்தால் வாரண்ட் கொண்டுவரும் போலீஸே விட்டுவிடலாம். "எதிரி வரவில்லை, மனு இல்லை" என்ற வரி வந்தால் உஷாராக வேண்டும். வராததற்குக் காரணம் சொல்லி மன்னிப்பு மனு போடப்படவில்லை என்பது அதன் பொருள். பழைய குறிப்புகளில் அந்த மனுவுக்கு 317 என்றும், 1-7-2024 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகான குறிப்புகளில் 355 என்றும் பிரிவு எண் இருக்கும். அடுத்த வரியிலேயே என்.பி.டபிள்யூ. பிறப்பிக்கப்பட்டிருக்கலாம். பிறகு வாய்தாவுக்கு வாய்தா "என்.பி.டபிள்யூ. நிலுவை" என்று ஓடும். "ரீகால்" என்ற சொல் தென்பட்டால் வாரண்ட் திரும்பப் பெறப்பட்டது. பிரகடனம் என்று வந்தால் விஷயம் முற்றிவிட்டது. தலைமறைவானவர் ஆஜராக 30 நாளுக்குக் குறையாத கெடு கொடுத்து வெளியிடும் அறிவிப்பு அது. சொத்து ஜப்தி அதையொட்டி வரும்.

வாரண்டுக்குக் காலாவதி தேதி கிடையாது. நீதிமன்றம் ரத்து செய்யும் வரை அல்லது நிறைவேற்றப்படும் வரை அது உயிரோடு இருக்கும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 70-ஆம் பிரிவு, இப்போதைய சன்ஹிதாவில் 72. எனவே வரலாற்றைக் கடைசி ஐந்து வாய்தாவோடு நிறுத்தாமல், என்.பி.டபிள்யூ. முதலில் எந்தத் தேதியில் பிறந்தது, அதற்குப் பின் ரீகால் எங்காவது இருக்கிறதா என்று மேலிருந்து கீழ் வரை படிக்க வேண்டும்.

குறை என்னவென்றால், இந்த வரிகள் சீராக இருப்பதில்லை. ஒரு நீதிமன்றத்தில் அன்று மாலையே ஏற்றுவார்கள். இன்னொன்றில் சில நாள் கழியும். சில இடங்களில் விவரம் எழுதாமல் அடுத்த தேதி மட்டும் இருக்கும். ரீகால் ஆன பிறகும் கட்டத்தில் என்.பி.டபிள்யூ. என்றே தொங்கிக்கொண்டிருப்பதும் உண்டு. இந்த விவரங்கள் சான்றிட்ட நகலுக்கு ஈடாகாது. கையெழுத்திட்ட வாரண்டின் படம் இங்கே தேடினாலும் கிடைக்காது. சந்தேகம் இருந்தால் நீதிமன்ற அலுவலகத்தில் சான்று நகலுக்கு மனுப் போடுவதே வழி. வழக்கில் சம்பந்தப்படாதவர் நகல் கேட்டால் காரணம் சொல்லி அனுமதி பெற வேண்டியிருக்கும்.

செயலியில் உள்ள "என் வழக்குகள்" பகுதி நல்ல வசதி. வழக்கைச் சேர்த்துவைத்தால் அடுத்த வாய்தாவைத் தேடி அலைய வேண்டாம். ஆனால் பட்டியல் கைபேசியிலேயே சேமிக்கப்படுகிறது. கைபேசியை மாற்றும் முன் ஏற்றுமதி செய்து கோப்பாக எடுத்துவைக்காவிட்டால் எல்லாம் போகும்.

இதில் அகப்படாதவை

புலன் விசாரணை நடக்கும்போதே, ஜாமீனில் விட முடியாத குற்றத்தில் தேடப்பட்டு, கைதுக்குத் தப்பி ஓடுபவர் மீது நடுவர் வாரண்ட் பிறப்பிக்கலாம். பழைய 73, இப்போது 75-ஆம் பிரிவு. குற்றப்பத்திரிகை கோப்புக்கு வரும் முன் நடப்பதால் வழக்கு நிலைப் பக்கத்தில் இதைத் தேடிப் பயனில்லை. அதைவிட முக்கியமாக, பிடிக்கத்தக்க குற்றங்களில் போலீஸ் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம். "வாரண்ட் காணோம்" என்பதைக் "கைது இல்லை" என்று படிப்பது பெரிய தவறு. பாலியல் குற்ற வழக்குகளிலும் போக்சோ வழக்குகளிலும் பெயர்கள் மறைக்கப்படும். தேடப்படுபவர் நாட்டை விட்டுப் போகாமல் தடுக்க விமான நிலையங்களுக்கு அனுப்பும் லுக்-அவுட் சுற்றறிக்கையைப் பொதுமக்கள் தேடிப் பார்க்க வழியே இல்லை.

கிரிமினல் பக்கம் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்துபவர்கள் சிவில் வாரண்டைக் கோட்டை விடுவார்கள். பணம் கட்டச் சொன்ன தீர்ப்பை நிறைவேற்ற இ.பி. என்ற நிறைவேற்று மனுவில் கைது கேட்கலாம். பொதுவாக முதலில் ஏன் சிறையில் வைக்கக் கூடாது என்று நோட்டீஸ் வரும். அதற்கு ஆஜராகாவிட்டால் வாரண்ட். தொகை 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் 3 மாதம் வரை சிவில் சிறை. பணத் தீர்ப்புக்காகப் பெண்களைக் கைது செய்ய முடியாது. இந்த மனுக்களை முன்சீப், சார்பு நீதிமன்றங்களின் பட்டியலில் அதே பெயர்த் தேடல் முறையில் பார்க்கலாம்.

காவல்துறைத் தளம்

தமிழ்நாடு காவல்துறையின் குடிமக்கள் சேவைத் தளத்தில் எஃப்.ஐ.ஆரைப் பார்க்கலாம், புகார் கொடுத்ததற்குத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதின் நிலையையும் அறியலாம். எஃப்.ஐ.ஆரை 24 மணி நேரத்தில் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று 2016-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பாலியல் குற்றம், பயங்கரவாதம் போன்ற நுட்பமானவற்றுக்கு விலக்கு உண்டு. தளம் சுத்தமாக இயங்குகிறது. ஆனால் வாரண்டுக்கு இதனால் நேரடிப் பயன் இல்லை. குற்ற எண்ணும் பிரிவுகளும் எதிரிகள் பெயர் எழுதப்பட்ட விதமும் இங்கே கிடைக்கும். அவற்றை எடுத்துக்கொண்டு இ-கோர்ட்ஸுக்குப் போகலாம். பெயர்த் தேடலில் மணிக்கணக்கில் மாட்டுவதைவிட இந்தச் சுற்றுவழி சீக்கிரம் முடியும். கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஆகியவற்றை ஒவ்வொரு காவல் நிலையத்திலும் மாவட்டத் தலைமையிடத்திலும் காட்சிக்கு வைக்க வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 37-ஆம் பிரிவு. அது கைதுக்குப் பிந்திய பட்டியல், இனிக் கைதாகப் போகிறவர்களுடையது அன்று.

வாட்ஸ்அப்பில் வரும் வாரண்ட்

அசல் வாரண்டில் நீதிபதியின் கையெழுத்தும் நீதிமன்ற முத்திரையும் இருக்கும். நிறைவேற்ற வரும் அலுவலர் அதன் சாரத்தைச் சொல்ல வேண்டும், கேட்டால் காட்டவும் வேண்டும். கைதுக்குப் பின் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் ஆஜர்படுத்த வேண்டும். வீடியோ அழைப்பில் வந்து "டிஜிட்டல் கைது" என்று மிரட்டுவது சட்டத்தில் எங்கும் இல்லாத சங்கதி. படமாக ஒரு வாரண்ட் வந்தால் அதிலுள்ள வழக்கு எண்ணையும் நீதிமன்றத்தையும் இ-கோர்ட்ஸில் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான போலிகள் இந்த ஒரு தேடலிலேயே உதிர்ந்துவிடும். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

இருக்கிறது என்று தெரிந்த பிறகு

இ-கோர்ட்ஸின் வேலை இத்துடன் முடிகிறது. வாரண்டை இணையத்தில் ரத்து செய்ய முடியாது. வழக்கறிஞர் மூலம் ரீகால் மனு தயாரித்து, எதிரி நேரில் ஆஜராகி, வராததற்கான காரணத்தையும் அதற்கான ஆதாரத்தையும் வைக்க வேண்டும். மருத்துவச் சீட்டு, சம்மன் போன பழைய முகவரியில் இப்போது குடியில்லை என்பதற்கான சான்று, பயணச் சீட்டு எதுவானாலும் அசலோடு போவது நல்லது. போகும் நாளைத் தேர்வதில் இந்தச் சேவை உதவும்: அன்றைய வழக்குப் பட்டியலைப் பார்த்து, அந்த நீதிபதி அன்று அமர்கிறாரா என்று தெரிந்துகொள்ளலாம். சனி, ஞாயிறை ஒட்டிப் போகாதீர்கள். மனு அன்று எடுக்கப்படாவிட்டால் திங்கள் வரை சிக்கல்.

வழக்கறிஞருக்குக் கொடுக்க வழியில்லாதவர் 15100 என்ற இலவச எண்ணில் சட்டப் பணிகள் ஆணையத்தை அழைக்கலாம். பெண்கள், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினர், காவலில் இருப்போர் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச உதவி உண்டு. கணினி பழக்கம் இல்லாதவர்கள் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் இ-சேவா மையத்தில் வழக்கு நிலையைக் கேட்டறியலாம். சி.என்.ஆர். எண்ணை எழுதி வாங்கிக்கொண்டு வருவது முக்கியம், அடுத்த முறை அலைய வேண்டாம்.

வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(ஜி) பிரிவின்படி, வாரண்ட் நிலுவையில் இருந்தாலே புதிய பாஸ்போர்ட்டை மறுக்கலாம். வழக்கு மட்டும் நிலுவையில் இருந்தால், 25-8-1993 தேதியிட்ட மத்திய அரசு அறிவிக்கையின் கீழ் நீதிமன்ற அனுமதியோடு பாஸ்போர்ட் பெறலாம். அதனால் வரிசை முதலில் ரீகால், அதன் பிறகுதான் பாஸ்போர்ட்டுக்கான அனுமதி மனு.

ரீகால் கிடைத்ததும் சான்று நகல் ஒன்றை வாங்கி, வாரண்ட் இருந்த காவல் நிலையத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். நிலையத்தின் வாரண்ட் பதிவேட்டிலும் இ-கோர்ட்ஸிலும் பழைய நிலை மாற நாளாகலாம். அதுவரை இன்னொரு நகல் சட்டைப் பையில் இருக்கட்டும்.